சார்க் கைனேஸும் அதைக் காட்டிக்கொடுத்த எதிர்ப்பொருள்களும்

பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றிச் செல்லுக்குள் செய்தி கடத்தும் கைனேஸ்களின் வரலாற்றை நொதிகளின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். சார்க் என்னும் கைனேஸைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். அந்தந்தக் காலத்தில் கையிலிருந்த எதிர்ப்பொருள் எதைப் பற்றிக்கொள்ள வல்லதோ, அதையொட்டியே ஆய்வாளர்களின் கேள்வியும் அமைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோழியின் சதைப்புற்றை வடிகட்டிய சாற்றின் மூலம் வேறு கோழிகளுக்குக் கடத்தலாம் என்று பேட்டன் ரூஸ் 1911-இல் காட்டினார். அதற்குக் காரணமான வைரஸில் புற்றைத் தூண்டும் மரபணு சார்க் என்பது 1970-களில் தெரிந்துவிட்டாலும், அது உண்டாக்கும் புரதம் பிடிபடவில்லை. கொலராடோவில் ஜோன் புரூக்கும் ரேமண்ட் எரிக்சனும் முயல்குட்டிகளுக்கு வைரஸைச் செலுத்தி, கட்டி வளர்ந்தபின் அவற்றின் குருதியிலிருந்து சீரம் எடுத்தனர். உருமாறிய செல்களின் சாற்றிலிருந்து அந்தச் சீரம் 60,000 டால்டன் எடையுள்ள புரதமொன்றை 1977-இல் வீழ்படிவாக இழுத்துவந்தது.

மறு ஆண்டு மார்க் கோலெட்டும் எரிக்சனும் அந்த வீழ்படிவில் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொண்ட ஏடிபியைக் கலந்தனர். பாஸ்பேட் போய் ஏறியது எதிர்ப்பொருளின் கனச் சங்கிலியில்! பிடிக்க வந்ததையே நொதி தன் வினைப்பொருளாக்கிக்கொண்டது. இப்படியொரு தற்செயல் வாய்க்காதிருந்தால் சார்க் ஒரு கைனேஸ் என்பது தெரியவர இன்னும் காலம் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஐயத்துக்கு இடமிருந்தது: சீரம் கூடவே இழுத்துவந்த வேறு ஏதோ கைனேஸின் வேலையாக அது இருக்கலாமே? பாக்டீரியாவில் உண்டாக்கிய சார்க் புரதமும் அதே வேலையைச் செய்வதாக 1981-இல் எரிக்சன் குழு காட்டியபோது அந்த ஐயம் பெரிதும் நீங்கியது.

பாஸ்பேட் ஏறும் அமினோ அமிலம் திரியோனைன் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர் வேறொரு வைரஸ் புரதத்தை ஆராய்ந்தபோது, பழைய தாங்கல் கரைசலின் பிஎச் 1.9-இலிருந்து 1.7-க்கு இறங்கிப்போயிருந்தது. மின்புலப் பிரிப்பில் ஒன்றாகவே நகரும் பாஸ்போதிரியோனைன், பாஸ்போடைரோசின் புள்ளிகள் அதனால் பிரிந்தன. பாஸ்பேட் ஏறியிருந்தது டைரோசினில். சார்க்கும் அவ்வாறே செய்வதை 1980-இல் ஹன்டரும் பார்ட் செஃப்டனும் நிறுவினர். இயல்பான செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு ஏறத்தாழ 0.03 விழுக்காடுதான்.

இத்தனை அரிதானதைத் தேட அதையே அடையாளம் காணும் எதிர்ப்பொருள் வேண்டியிருந்தது. 1981-இல் ராஸ், பால்டிமோர், ஐசன் மூவரும் பாஸ்போடைரோசினைப் போன்ற வடிவமுள்ள செயற்கைப் பாஸ்போனேட் ஒன்றைக்கொண்டு அதைப் பெற்றனர். ஒரே புரதத்தின் பாஸ்பேட் ஏறிய வடிவையும் ஏறாத வடிவையும் பிரித்தறியும் சீரத்தை 1982-இல் பால் கிரீன்கார்டின் ஆய்வகம் வெளியிட்டது. குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் ஏற்றிய குறும் பெப்டைடை விலங்குக்குச் செலுத்தி, பாஸ்பேட் இல்லாத பெப்டைடையும் பற்றிக்கொள்பவற்றைக் கழித்துவிடும் முறை 1990-களில் பரவலானது.

சார்க் ஆய்வில் இதன் பயன் பெரிது. வாற்பகுதியின் 527-ஆம் டைரோசினில் பாஸ்பேட் இருந்தால் சார்க் மடங்கி முடங்கிக்கிடக்கும். 416-இல் ஏறினால் முழு வீச்சில் இயங்கும். மொத்தச் சார்க்கைக் காட்டும் எதிர்ப்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. (இவை கோழிச் சார்க்கின் எண்கள். மனிதச் சார்க்கில் 530, 419 என்று வரும். ஆயினும் மனிதச் செல்களை ஆராய்வோரும் பழைய எண்களை விடுவதாயில்லை.)

ஆனால் 416-ஐச் சுற்றியுள்ள வரிசை யெஸ், ஃபின் போன்ற உடன்பிறப்புக் கைனேஸ்களிலும் ஏறக்குறைய அதேதான், எடையும் அருகருகே. எனவே வெஸ்டர்ன் பிளாட்டில் 60,000 டால்டனை ஒட்டித் தோன்றும் பட்டையைச் சார்க் என்று எழுதிவிடுவது அவசர முடிவு. பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்பேட்டேஸ் நொதியைச் சாற்றில் சேர்த்துப் பட்டை மறைகிறதா என்று பார்ப்பது பாஸ்பேட்டுக்கான சான்று மட்டுமே. சார்க், யெஸ், ஃபின் மூன்றும் நீக்கப்பட்ட எலிச் செல்களில் சார்க்கை மட்டும் திருப்பி ஏற்றிப் பார்ப்பதே வலுவான சோதனை.

ஆய்வுக்கான எதிர்ப்பொருள்களை அவற்றின் மரபணு வரிசையால் வரையறுத்து மறுசேர்க்கை முறையில் உருவாக்கவேண்டும் என்று 2015-இல் பிராட்பரியும் புளுக்துனும் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் 'நேச்சர்' இதழில் கோரினர். நியாயமான கோரிக்கை, ஒரு முயலின் சீரம் தீர்ந்தால் அதே கலவை மறுபடி கிடைக்காது. எனினும் வரிசை தெரிந்த எதிர்ப்பொருளும் யெஸ்ஸையும் ஃபின்னையும் பற்றக்கூடும். அதை ஒவ்வொரு செல் வகையிலும் தனியே சோதித்துத்தான் அறியவேண்டும்.