மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து மாவிட்டபுரத்தை அடைவர். அங்கிருந்து மேற்கே திரும்பினாற் கீரிமலை. உவர்க்கடலின் விளிம்பிலே நன்னீர் சுரக்கும் கேணியும், அதன் அயலில் நகுலேஸ்வரமும் அமைந்த தலம் அது. ஆடி அமாவாசையிலே பிதிர்க்கடன் தீர்க்கவும், இறந்தோர்க்கு அந்தியேட்டி செய்யவும் குடாநாட்டின் நாலா பக்கங்களிலுமிருந்து மக்கள் அங்கே வருவது நெடுங்கால வழக்கம். முன்னர் மாட்டுவண்டியில் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகையிரதம் காங்கேசன்துறையை எட்டியது. 1950ஆம் ஆண்டுகளின் பின்னரோ, வயது முதிர்ந்தோரையும் கிரியைக்குரிய சாமான்களையும் ஏற்றிச்செல்ல வாடகைக் கார் இன்றியமையாததாயிற்று.

அந்தக் கார்களுட் பெரும்பாலானவை இங்கிலாந்திற் பிறந்தவை. ஒஸ்ரின் ஏ-40, ஏ-30, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்னும் பெயர்களை யாழ்ப்பாணத்துச் சிறுவர்களும் அறிவர். பிற நாடுகளிலே பொருட்காட்சிச்சாலைக்குப் போய்விட்ட இவ்வண்டிகள் குடாநாட்டில் அறுபது ஆண்டுகள் கடந்தும் சந்திகளிலே வாடகைக்கு நின்றன. யாழ்ப்பாணத்தாருக்குப் பழம்பொருள்மேல் உள்ள பற்றே இதற்குக் காரணமென்று சுற்றுலாப் பயணிகள் எழுதிவந்தனர். அது பாதி உண்மையுமன்று. இக்கார்களின் ஆயுள் ஒரு கணக்கினாலே நீண்டது. அக்கணக்கு, பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்து மீண்டும் புதுக்குவதற்கு ஆகும் செலவைப் பற்றியது.

ஏ-40 கார் 1947இல் வெளிவந்தது. நான்கு சிலிண்டர், 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, ஏறத்தாழ 40 குதிரைவலு. 1952இல் வந்த சோமசெற் மாதிரியும் அவ்வெஞ்சினையே சற்றுத் திருத்தி ஏற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்திருந்தும் இங்கிலாந்திலே நல்ல பெற்றோல் கிடைக்காத காலம் அது. 1953 வரை அந்நாட்டு மக்கள் 'பூல்' எனப்பட்ட தரங்குறைந்த பொதுப் பெற்றோலையே ஊற்றினர். அதன் ஒக்ரேன் எண் எழுபதை ஒட்டியது. அத்தகைய எண்ணெயையும் தாங்கவேண்டுமென்றே ஏ-40இன் அமுக்க விகிதத்தை ஏழுக்கு ஒன்று என்னும் அளவிலே தாழ்வாக வைத்தார்கள். அவ்வேளை அது ஒரு குறையாகத் தோன்றியிருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், இன்னொரு நாட்டின் போர்க்காலத்தில், அக்குறையே அவ்வண்டிகளைக் காத்தது.

இவ்வண்டிகளின் உறவுமுறையும் அறியத்தக்கது. ஏ-30 காருக்கென 1951இல் வந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அடுத்த ஆண்டே மொறிஸ் மைனருக்குச் சென்றது. பின் 948 ஆக வளர்ந்து, 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் இரு இருக்கைப் பந்தயக் காரிலும் ஏறியது. ஏ-40இன் வழியிலே தோன்றிய 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சினோ, கேம்பிரிட்ஜுக்கும் ஒக்ஸ்போர்டுக்கும் மட்டுமன்றி, 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக் காருக்கும் நெஞ்சமாயிற்று. காபரேட்டரின் எண்ணிக்கையும் சில நுட்பங்களும் வேறு. வார்ப்பும் பிறப்பும் ஒன்றே. ஆகவே இலண்டனிற் செல்வர் ஒருவர் தமது எம்.ஜி.ஏ. எஞ்சினைப் புதுக்குவதும், சுன்னாகத்தில் வாடகைக் கார்க்காரர் தமது கேம்பிரிட்ஜின் எஞ்சினைப் புதுக்குவதும் வேலையளவில் ஒன்றுதான். செலவளவில் அவை இரு துருவங்கள்.

வேலை இதுதான். எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கழுவி, சிலிண்டர் எவ்வளவு தேய்ந்ததென அளக்கவேண்டும். பிஸ்டன் ஏறியிறங்கும் சுவர் மேற்பகுதியிலேயே மிகுதியாகத் தேயும், வட்டமாயிருந்தது நீள்வட்டமாகும். அதனை மீண்டும் வட்டமாக்க, அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கோ 30 பங்கோ கடைந்து அகலப்படுத்தி, அவ்வளவுக்குப் பருத்த பிஸ்டன்களையும் ரிங்குகளையும் இடுவர். கிராங் தண்டைச் சாணைபிடித்து ஒடுக்கி, அதற்கேற்ற தடித்த பேரிங்குகளைப் பூட்டுவர். வால்வுகளை அவற்றின் இருக்கைகளோடு அரைத்துப் பொருத்துவர். சிலிண்டரை எத்தனை முறையும் கடைய முடியாது. எல்லை வந்தபின், உள்ளே உருக்குக் குழாயொன்றை அடித்து இறக்கி, பழைய அளவுக்கு மீட்கவேண்டும்.

இங்கிலாந்தில் இன்று இவ்வேலைக்குத் தேர்ந்த பட்டறையார் பல ஆயிரம் பவுண் கேட்பர். ஆறு சிலிண்டர் ஜகுவார் எஞ்சினாயின் அது மேலும் பன்மடங்கு. அந்தப் பட்டியலிலே கனத்த பகுதி மனிதனின் மணிநேரத்துக்குரியது; பாகங்கள் அஞ்சலிலே வீடுதேடி வரும். யாழ்ப்பாணத்திலோ கைத்திறன் கைக்கெட்டியது, உருக்குத்தான் எட்டாதது.

பாகங்களின் தட்டுப்பாடு போரோடு தொடங்கியதன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரை அது மேலும் இறுகியது. கையிலுள்ள காரை வைத்தே காலங்கழிக்க நாடு முழுவதும் கற்றுக்கொண்டது. அயலில் உதவி இருந்ததா என்றால், ஓரளவு இருந்தது. சென்னையை அடுத்த எண்ணூரிலே அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் 1949 முதல் ஏ-40 கார்களைப் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர்மாறி, லொறியின் பக்கம் திரும்பிவிட்டது. ஒக்ஸ்போர்ட் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் கூடியது: அவ்வண்டியே இந்தியாவில் அம்பாசடராகி 2014 வரை உற்பத்தியானது. அக்குடும்பத்தின் 1,489 எஞ்சினுக்கும் அங்கே வாழ்வு நீடித்தது. ஏ-40க்கு அவ்வாறு ஒரு தாய்வீடு இருக்கவில்லை.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் வெள்ளமெனப் புகுந்தன. தென்னிலங்கையிற் பழைய ஒஸ்ரின்கள் மெல்ல மறைந்தன. வடக்கிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். ஆனால் 1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். கீரிமலை இராணுவ வலயத்துள் அகப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியிலே நகுலேஸ்வரமும் குண்டுவீச்சிற் சேதமுற்றது. அந்தியேட்டிக்குக் கார் பிடித்துக் கீரிமலைக்குப் போகும் வழக்கம் ஒருநாளில் அறுந்தது. குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பட்டரி, சீமெந்து முதலியன தடைசெய்யப்பட்டன. மின்சாரம் நின்றது. கள்ளமாக வந்த பெற்றோலின் விலை கொழும்பு விலையினும் பன்மடங்காயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு வந்தது.

அந்த மண்ணெண்ணெயைக் காருக்கு ஊற்றினார்கள். ஒரு சிறு போத்தற் பெற்றோலிலே எஞ்சினைக் கிளப்பிச் சூடேற்றி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. இது புதுமையன்று, 1949 முதல் வந்த பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இம்முறையிலேயே ஓடியது. உயர்ந்த அமுக்கமுடைய புதிய ஜப்பானிய எஞ்சின்கள் இவ்வெண்ணெயில் தட்டித் தடுமாறின. தாழ்ந்த அமுக்கமுள்ள ஒஸ்ரின் புகை கக்கிக்கொண்டு ஓடியது. அம்புலன்ஸ் இல்லாத ஊர்களிலே பிரசவத்துக்கும் குண்டுக் காயத்துக்கும் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடியது அதுவே. பழைய கார் பழம்பெருமையாய் இருந்த காலமன்று அது; ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த ஒரே பாலம்.

ஆனால் அதன் விலையை எஞ்சின் கொடுத்தது. முற்றும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கீழே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் பேரிங்கைக் காக்காது. வால்வுகளிலே கரி படியும். நல்ல பெற்றோலில் பல்லாண்டு தாங்கும் ரிங்குகள் மிக விரைவிலே தேய்ந்தன. ஒயிலை அடிக்கடி மாற்றினால் எஞ்சின் தப்பும். அந்த ஒயிலும் பெற்றோலைப் போலவே அரிது. ஆகவே எஞ்சினைப் புதுக்கும் செலவு, எண்ணெய்ச் செலவின் ஒரு பகுதியாகவே மாறிவிட்டது. இதைக் கணக்கிற் சேர்க்காத வாடகைக் கார்க்காரர் உழைப்பதாக எண்ணிக்கொண்டு, தம் முதலையே சிறிது சிறிதாக எரித்தார்.

புதுக்குதலோ எளிதன்று. மின்சாரமில்லா ஊரிலே கடைசல் லேத்தைச் சுழற்றவும் இன்னொரு எஞ்சின் வேண்டும். அதற்கும் எண்ணெய் வேண்டும். பருத்த பிஸ்டன் கிடையாதபோது, ஓடாத கார் ஒன்றைப் பிரித்து ஓடும் காருக்குக் கொடுத்தனர். வேறு வண்டியின் பிஸ்டன் அளவில் நெருங்கினால், பிளாக்கை அதற்கேற்பக் கடைந்தனர். இரண்டு கார் செத்து ஒரு கார் வாழ்ந்தது என்பதே சரியான கணக்கு. இதே தீவில், அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் வணிகர் ஒருவரின் முயற்சியால், மைனருக்குரிய தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த பட்டறையும் இயங்கியது. பாதை மூடிய வடக்குக்கு அப்பாகங்கள் இங்கிலாந்தினும் தொலைவில் இருந்தன.

2002இல் ஏ-9 வீதி திறந்தபோது பெற்றோலும் பாகங்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடி, 2009இற் போர் முடிந்தபின் திறந்தது. கீரிமலைக்கும் படிப்படியாக வழி விடப்பட்டது. பிதிர்க்கடனுக்கு மக்கள் மீண்டும் வந்தனர். ஆனால் முச்சக்கர வண்டியும் சிற்றூர்தியும் வாடகையைப் பங்குபோட்டுக்கொண்டன. செலவுக் கணக்கும் புரண்டது. 1950களில் ஒரு பவுணுக்கு 13 ரூபா 33 சதம். 2022இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் அது 400ஐயும் தாண்டியது. இங்கிலாந்தில் வாங்கும் ஒரு தொகுதி பிஸ்டனின் விலை வாடகை வருவாய்க்கு எட்டாததாயிற்று. அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறி, அந்தப் பழைய வழியையும் அடைத்தது.

எஞ்சிய வழிகள் இரண்டு. ஒன்று, பழைய எஞ்சினை எறிந்துவிட்டு ஜப்பானிய எஞ்சினைப் பூட்டுவது. புதுக்குவதினும் அது மலிவு. மற்றது, பழைய கார்களைச் சேகரிப்போருக்கு விற்பது. அவர்கள் நல்ல விலை கொடுப்பர். ஆனால் வண்டியைப் பார்க்குமுன் அவர்கள் கேட்பது பதிவுப் புத்தகத்தைத்தான்: அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் பிளாக்கில் வெட்டியுள்ள இலக்கமும் ஒன்றா என்று. இரண்டு கார் செத்து ஒரு கார் வாழ்ந்த ஊரிலே அவ்விரண்டும் ஒத்துவருவது அரிது. ஒத்துவராத காருக்கு விலையிற் கணிசமான பகுதி குறையும்.