பாராகிளைடிங்: பாதுகாப்பைத் தீர்மானிக்கும் தரை நிமிடங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் உள்ள பீர் கிராமத்திலிருந்து 14 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் வருவது பில்லிங். தௌலாதார் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள இப்புல்வெளிச் சரிவு, நாட்டின் முதன்மையான பாராகிளைடிங் தளமாகும். 2015 அக்டோபரில் இந்தியாவின் முதல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்குதான் நடைபெற்றது. அனுபவம் மிக்க வீரர்களும், விமானியுடன் இணைந்து சில நிமிடங்கள் பறக்க வரும் சுற்றுலாப் பயணிகளும் ஒரே சரிவிலிருந்து புறப்படுகின்றனர்.

வானில் நேரும் விபத்துகளே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் பாராகிளைடிங்கில் ஆபத்து மிகுந்த கட்டங்கள் தரையை ஒட்டியவை: புறப்பாடும் தரையிறக்கமும். உயரத்தில் தவறு நேர்ந்தால் அதைத் திருத்த நேரமும் இடமும் கிடைக்கும். தரைக்கு அருகில் அவை கிடைப்பதில்லை. எனவே ஒரு பயணத்தின் பாதுகாப்பு, கால்கள் தரையை விட்டு எழுவதற்கு முந்தைய சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

எவ்வாறு பறக்கிறது?

பாராகிளைடருக்கு இயந்திரம் இல்லை; உறுதியான சட்டகமும் இல்லை. இரண்டு துணி அடுக்குகளுக்கு இடையே வரிசையாக அறைகள் தைக்கப்பட்டிருக்கும். முன்விளிம்பில் உள்ள திறப்புகள் வழியே புகும் காற்று இவ்வறைகளை நிரப்பி, துணிக்கு இறக்கையின் வடிவத்தைத் தருகிறது. காற்றழுத்தம் குறைந்தால் வடிவம் குலையும். இந்த விளையாட்டின் எளிமைக்கும் ஆபத்துக்கும் இதுவே காரணம்.

மெல்லிய கயிறுகள் இறக்கையை ரைசர் எனப்படும் பட்டைகளுடன் இணைக்கின்றன. அப்பட்டைகள் காரபைனர் கொக்கிகள் மூலம் விமானி அமரும் ஹார்னஸ் இருக்கையில் மாட்டப்படுகின்றன. இரு கைகளிலும் உள்ள பிரேக் பிடிகள் இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுத்து வேகத்தையும் திசையையும் மாற்றுகின்றன.

பயிற்சிநிலை இறக்கை ஒன்று, அசைவற்ற காற்றில் ஒரு மீட்டர் கீழிறங்குவதற்குள் எட்டு மீட்டர் அளவுக்கு முன்னேறும். அதன் இயல்பான வேகம் மணிக்கு 35 முதல் 38 கிலோமீட்டர். எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வீசினால் இறக்கை தரையைப் பொறுத்து நகராமல் நிற்கும். காற்று அதைவிட வலுத்தால் பின்னோக்கிச் செல்லும். பின்னால் மலைமுகடு இருந்தால், அதன் மறுபுறத்தில் சுழலும் காற்றுக்குள் இறக்கை தள்ளப்படலாம். காற்றின் வேகம் முதல் கேள்வியாக இருப்பது இதனால்தான்.

காற்றைக் கணித்தல்

புறப்பாட்டுக்கு உகந்தது சரிவை நோக்கி நேராக, சீராக வீசும் மிதமான காற்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் இறக்கை மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். எனவே தொடக்கநிலையினர் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றில் புறப்படுவதைத் தவிர்க்க வேண்டும். சராசரி வேகத்தைவிட, திடீர் வீச்சுகள் எவ்வளவு வலுவாக வருகின்றன என்பதே முக்கியம். காற்று சரிவின் மேலிருந்து கீழ்நோக்கி வீசும்போது புறப்படவே கூடாது.

காலையில் சூரியன் மலைச்சரிவைச் சூடாக்கும்போது, அங்குள்ள காற்று வெப்பமடைந்து மேலெழுகிறது. தெர்மல் எனப்படும் இந்த வெப்பக்காற்றுத் தூண்களில் வட்டமிட்டே விமானிகள் உயரம் பெறுகின்றனர். நண்பகலுக்குப் பின் இவை கடுமையாகி, மேகங்களை இடிமேகங்களாக வளர்க்கக்கூடும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், ஜெர்மனி வீராங்கனை ஏவா விஸ்னியர்ஸ்கா இடிமேகம் ஒன்றினால் 9,900 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, நினைவிழந்த நிலையிலும் உயிர் தப்பினார். அதே புயலில் சிக்கிய சீன வீரர் உயிரிழந்தார். தொலைவில் இடிமேகம் தென்பட்டாலும், தரையில் வெயில் அடித்தாலும், அந்நாளின் பயணத்தைக் கைவிடுவதே முறை.

மழையும் ஆபத்தானது. நனைந்த இறக்கை முன்னோக்கிப் பறக்கும் தன்மையை இழந்து, செங்குத்தாக இறங்கத் தொடங்கலாம். இமாச்சலில் பருவமழையை முன்னிட்டு ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்குத் தடை விதிக்கப்படுகிறது.

புறப்பாட்டுக்கு முந்தைய ஐந்து சோதனைகள்

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகள் கற்பிக்கும் ஐந்து அம்சச் சோதனை, ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யப்பட வேண்டியது.

1. தலைக்கவசமும் பட்டைகளும்: தலைக்கவசம், கால் பட்டைகள், மார்புப் பட்டை ஆகியவை பூட்டப்பட்டுள்ளனவா? அவசரகாலப் பாராசூட்டின் கைப்பிடியும் ஊசியும் உரிய இடத்தில் உள்ளனவா?
2. இணைப்புகள்: காரபைனர் கொக்கிகள் மூடிப் பூட்டப்பட்டுள்ளனவா? ரைசர் பட்டைகள் முறுக்கின்றி உள்ளனவா?
3. கயிறுகள்: சிக்கலோ முடிச்சோ குச்சியோ உள்ளதா?
4. இறக்கை: வில் வடிவில் விரிக்கப்பட்டு, முன்விளிம்பின் திறப்புகள் திறந்துள்ளனவா?
5. காற்றும் வான்வெளியும்: காற்றின் திசையும் வேகமும் ஏற்றவையா? முன்னும் மேலும் வேறு பாராகிளைடர்கள் உள்ளனவா?

இவற்றுள் முதலாவது மிக எளியது. அதைத் தவறவிட்டால் ஏற்படும் விளைவோ மிகக் கொடியது. கால் பட்டைகள் பூட்டப்படாமல் புறப்படுபவர், இறக்கை சீராகப் பறந்துகொண்டிருக்கும்போதே ஹார்னஸிலிருந்து நழுவி விழ நேரிடும். இமாச்சலில் விமானியுடன் இணைந்து பறந்த பயணிகள் இவ்வாறு விழுந்து உயிரிழந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பேச்சுக் கொடுப்பவர்களாலும் படம் எடுக்க அழைப்பவர்களாலும் சோதனை இடையில் நின்றால், முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

இரு முறைகள், மூன்று கட்டங்கள்

காற்று மெலிதாக இருக்கும்போது முன்னோக்கிப் புறப்படும் முறை கையாளப்படுகிறது. இறக்கை பின்னால் விரிந்திருக்க, விமானி காற்றை எதிர்கொண்டு நின்று ஓடத் தொடங்குகிறார். காற்று வலுவாக இருக்கும்போது அவர் இறக்கையை நோக்கி நின்று, அதைக் கண்ணால் கண்டபடியே மேலெழுப்பி, பின்னர் முன்புறம் திரும்புகிறார்.

இரண்டிலும் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் இறக்கையைத் தலைக்கு மேல் கொண்டுவருதல். இரண்டாவது, அது சமநிலையில் நிறைந்துள்ளதா, கயிறுகள் தெளிவாக உள்ளனவா எனப் பார்த்து முடிவெடுத்தல். மூன்றாவது, உடலை முன்சாய்த்து உறுதியாக ஓடுதல். இரண்டாம் கட்டத்தில் ஐயம் எழுந்தால் பிரேக்குகளை முழுமையாக இழுத்து இறக்கையை வீழ்த்திவிட்டு நிற்க வேண்டும். புறப்பாட்டைக் கைவிடுவது தோல்வியன்று. பயிற்சியில் தனியாகக் கற்பிக்கப்படும் திறன் அது.

மிகப் பரவலான தவறு, கால்கள் தரையை விட்டவுடன் இருக்கையில் அமர முயல்வது. இறக்கை முழு எடையையும் தாங்குவதற்கு முன் அமர்ந்தால் உடல் சரிவில் மோதும். பில்லிங் போன்ற உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே எடையைத் தூக்க இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும்.

வானில் யாருக்கு வழி?

2024 அக்டோபர் இறுதியில், உலகக் கோப்பைப் போட்டி தொடங்கச் சில நாள்களே இருந்த நிலையில், பீர் பில்லிங் வான்வெளியில் இரு பாராகிளைடர்கள் மோதியதில் பெல்ஜியம் நாட்டு விமானி ஒருவர் உயிரிழந்தார். நெரிசல் மிகுந்த வானில் விதிகளை அறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

நேருக்கு நேர் வரும் இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். மலையோரமாகப் பறக்கையில், சரிவை வலப்பக்கத்தில் கொண்டவருக்கு முன்னுரிமை. மற்றவர் மலையை விட்டு விலக வேண்டும். தெர்மலில் முதலில் நுழைந்தவர் சுற்றும் திசையிலேயே பின்வருவோரும் சுற்ற வேண்டும். கீழிருப்பவருக்கு மேலிருப்பவர் வழிவிட வேண்டும். ஏனெனில் கீழிருப்பவரின் மேற்பார்வையை அவருடைய இறக்கையே மறைக்கிறது.

கொந்தளிப்பில் இறக்கையின் ஒரு பக்கம் மடங்கினால், எடையை மறுபக்கம் சாய்த்து, அளவாகப் பிரேக் இட்டு முதலில் திசையைக் காக்க வேண்டும். மடிப்பை விரிப்பது அதன் பின்னரே. பதற்றத்தில் பிரேக்கை மிகையாக இழுப்பது நிலைமையை மோசமாக்கும். இறக்கை கட்டுக்குள் வராமல் உயரம் குறைந்துகொண்டே சென்றால், தாமதிக்காமல் அவசரகாலப் பாராசூட்டை வீச வேண்டும்.

தரையிறக்கம்

பீரில் உள்ள இறங்குதளம் பில்லிங்கைவிடச் சுமார் 1,000 மீட்டர் தாழ்வானது. காற்றுத்திசை காட்டும் துணிப்பையைப் பார்த்து, இறுதிப் பகுதியைக் காற்றுக்கு எதிராக நேராகப் பறக்க வேண்டும். கால்களை முன்கூட்டியே இருக்கையிலிருந்து இறக்கி, ஓடத் தயாராக இருக்க வேண்டும். தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் பிரேக்குகளைப் படிப்படியாக முழுவதும் இழுத்தால் வேகம் தணியும். தாழ்ந்த உயரத்தில் கூர்மையாகத் திரும்புவது இறக்கையைக் கீழ்நோக்கிப் பாயச் செய்யும். குறித்த இடத்தை அடைய முடியாதெனில், மின்கம்பிகள் இல்லாத வேறொரு திறந்தவெளியில் நேராக இறங்குவதே பாதுகாப்பானது.

சுற்றுலாப் பயணிகள் கவனத்துக்கு

விமானியுடன் பறக்கும் பயணிக்குப் பயிற்சி தேவையில்லை. ஆனால் சில பொறுப்புகள் அவருக்கும் உண்டு.

• நிறுவனமும் விமானியும் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவர்களா எனச் சான்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.
• இருவருக்கும் தலைக்கவசமும், அவசரகாலப் பாராசூட்டும் உள்ளனவா என உறுதிசெய்ய வேண்டும்.
• உடல் எடையையும், இதயம், முதுகு, மூட்டு தொடர்பான நோய்களையும் மறைக்காமல் கூற வேண்டும்.
• கணுக்காலைப் பாதுகாக்கும் காலணி அணிய வேண்டும்.
• தம் இரு கால் பட்டைகளும் மார்புப் பட்டையும் பூட்டப்பட்டிருப்பதைத் தாமே தொட்டுப் பார்க்க வேண்டும்.
• விமானி கூறும்வரை ஓட்டத்தை நிறுத்தவோ, அமரவோ, குதிக்கவோ கூடாது.

காற்று சரியில்லை என விமானி காத்திருக்கச் சொன்னால், பயணத் திட்டத்தையோ கட்டணத்தையோ காட்டி அவரை வற்புறுத்துதல் ஆகாது. அதேபோல், பட்டைகளைச் சோதிக்காமல் அவசரப்படுத்தும் விமானியுடன் பறக்க மறுக்கும் உரிமை பயணிக்கு உண்டு. புறப்பாட்டு ஓட்டம் தொடங்கும்வரை அந்த முடிவை எடுக்க நேரம் இருக்கிறது.