பட்டாளத்துத் தாத்தாவின் பதக்கம்: காயலாங்கடைக்கா, காப்பகத்துக்கா?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துச் சேரிகளில் 'பட்டாளத்தார் வீடு' என்று இன்றும் அடையாளம் சொல்லப்படும் வீடுகள் உண்டு. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்குகிறது. உள்ளே நாடா நைந்த ஒரு பதக்கம், பெல்ட் பக்கிள், மடித்த இடமெல்லாம் கிழிந்த டிஸ்சார்ஜ் சான்றிதழ். இவற்றில் பல, ஓட்டைப் பாத்திரங்களோடு சேர்த்து எடை போடப்பட்டுக் காயலாங்கடைக்குப் போகின்றன. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பழம்பொருள் வியாபாரிகளிடம் விற்கிறார்கள். "இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில், அந்தப் பதக்கம் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று பார்ப்போம்.

18ஆம் நூற்றாண்டிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் பறையர் மக்கள் கணிசமாகச் சேர்ந்தார்கள். காரணம் வெள்ளைக்காரன் மீதான பாசம் அல்ல. திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் தாலுகாக்கள். அந்த மாவட்டத்தில் நம் மக்கள் எப்படிப் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதைக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாகவே எழுதினார். மிராசுதாரின் களத்திலிருந்து வெளியேற இருந்த சில வழிகளில் பட்டாளமும் ஒன்று. கையில் ரொக்கச் சம்பளம், காலில் பூட்ஸ், முடிந்தால் கொஞ்சம் எழுத்து.

அந்தக் கதவையும் சாதி விட்டுவைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், தளபதி ராபர்ட்ஸ் காலத்தில், 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற கோட்பாடு ஆள்சேர்ப்பை ஆளத் தொடங்கியது. மகர் மக்களுக்குப் படை மூடப்பட்டது. மதராஸ் காலாட்படைகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. பாலம் கட்டவும் பாதை போடவும் சுரங்கம் தோண்டவும் இருந்த சாப்பர்ஸ், பயனியர் பிரிவுகளில்தான் நம்மவர்களுக்கு ஓரளவு இடம் மிஞ்சியது. மதராஸ் பயனியர் படையும் 1933இல் கலைக்கப்பட்டது. போர் வந்தால் கூப்பிடுவது, முடிந்தால் அனுப்பிவிடுவது என்பதே வழக்கம். 1943இல் தொடங்கிய சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டதும் அதே கதைதான்.

இனி பதக்கத்தின் உலோகத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரில் இந்தியப் படையின் வரிசைகளில் 5,50,000க்கும் அதிகமானோர் ஆயுதம் ஏந்தாதவர்கள். மூட்டை சுமந்தவர்கள், கப்பலில் சரக்கு இறக்கியவர்கள், காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள், துப்புரவு செய்தவர்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் வந்தது. இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. அப்படித் தரப்பட்டவை சுமார் 1,10,000. உங்கள் வீட்டுப் பதக்கம் வெண்கலமாக இருந்தால், அது மதிப்புக் குறைந்தது என்று தூக்கிப் போடாதீர்கள். மரியாதையிலும் படிநிலை வைத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து, பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இது ஏன் முக்கியம்? ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு, இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. ஆனால் சாதாரண இந்தியச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. கல்லில் இடம் மறுக்கப்பட்ட மனிதர்களின் பெயர், திரும்பி வந்தவர்களின் பதக்க விளிம்பில் இருக்கிறது. அதைத்தான் நாம் எடைக்குப் போடுகிறோம்.

பெயர் என்ன செய்யும் என்பதற்கு பீமா கோரேகான் உதாரணம். 1818 ஜனவரி 1 சண்டையில் இறந்தவர்களின் பெயர்கள் அந்தத் தூணில் உள்ளன. 'நாக்' என்று முடியும் பெயர்களைக் கொண்டே அவர்களில் பலர் மகர்கள் என்று அடையாளம் கண்டார்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அவருடைய தந்தை ராம்ஜி சக்பாலும் பட்டாளத்துச் சுபேதார்தான்.

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டதைக் கொண்டாடுவதா?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேரரசின் போர்களைக் கொண்டாட வேண்டியதில்லை. பர்மாவிலும் மெசபடோமியாவிலும் நம் தாத்தாக்கள் சுமந்தது இன்னொருவனின் ஆதிக்கத்தை. அதையும் எழுதுவோம். பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு பெருமை பேசுவது வேறு, அதை ஆவணமாகப் படிப்பது வேறு.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். இரு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஊர், தாலுகா, சாதி எல்லாம் இருக்கலாம். அதை ஸ்கேன் செய்யுங்கள், லேமினேஷன் வேண்டாம். பென்ஷன் வாங்கிய பாட்டி உயிரோடு இருந்தால், இந்த வாரமே அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, பிரதிகளைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. பெட்டியில் குண்டோ தோட்டாவோ இருந்தால் தொடாமல் காவல்துறையிடம் சொல்லுங்கள். 2004இல் காசியாபாத் அருகே உலையில், இறக்குமதியான போர்க் கழிவு வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்குகிறவர்களும் நம் பிள்ளைகள்தான்.

வறுமையால் விற்கிறவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. விற்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்போம். பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஒரு பழைய காகிதத்தின் மதிப்பு என்னவென்று நாம் படித்திருக்கிறோம். 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்துச் சொல்லித்தந்த பாடம் அது. நிலத்துக்கு மட்டுமல்ல, வரலாற்றுக்கும் பட்டா வேண்டும். அது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெய்பீம்.