மீன் கழிவு இருக்க, உரம் எதற்கு?



வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "சார், மீன் கழிவே உரம்தானே? பிறகு ஏன் தொட்டிச் செடிக்குத் தனியாக உரம் ஊற்றச் சொல்கிறார்கள்?" நியாயமான கேள்வி. இதற்குச் சரியான விடை வந்து சேர ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்றொரு வேதியியலாளர். 1849-ல் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களை விட்டு, வாலிஸ்நேரியா என்ற நாடா இலைச் செடியையும் நட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு உதவும் என்பது அவர் கணக்கு. ஆனால் இலைகள் அழுகி நீர் கலங்கியது. உடனே குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. நீர் தெளிந்தது. 1850-ல் இதை லண்டன் வேதியியல் கழகத்தில் அறிவித்தார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. வீடுகளிலும் கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் பரவியது.

அதோடு ஒரு நம்பிக்கையும் பரவியது. தொட்டி தனக்குத் தானே போதுமானது, வெளியிலிருந்து எதுவும் சேர்க்க வேண்டாம் என்பதே அது. கேட்க அழகாக இருந்ததால் யாரும் அதை அதிகம் கேள்வி கேட்கவில்லை.

இத்தனைக்கும் விடையின் பாதி அப்போதே ஜெர்மனியில் இருந்தது. செடிக்குத் தேவையான சத்துகளில் எது மிகக் குறைவோ, அதுதான் வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கும் என்று கார்ல் ஷ்ப்ரெங்கல் 1828-லேயே எழுதினார். அதை உலகறியச் செய்தவர் லீபிக். பெயரும் அவருக்கே போயிற்று. நம் சமையலறை வழியில் சொன்னால், அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உளுந்து ஒரு படிதான் என்றால், அந்த ஒரு படிக்கு ஏற்ற இட்லிதான் கிடைக்கும். 1860 வாக்கில் ஸாக்ஸ், க்னோப் என்ற இருவர் மண்ணே இல்லாமல், உப்புகள் கரைத்த நீரிலேயே செடிகளை வளர்த்தும் காட்டிவிட்டார்கள்.

இந்த அறிவு மீன்தொட்டிக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் வெளிச்சம். மங்கிய விளக்கில் செடி மெதுவாக வளரும், பசியும் குறைவு. பிரகாசமான விளக்கும் கரியமில வாயுவும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் குறை வெளியே தெரிந்தது. ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) தொட்டிக்குள் காடும் மலையும் போலச் செடிகளை அமைத்து உலகையே வியக்க வைத்தார். அந்த அழகுக்குப் பின்னால் ஒழுங்கான உரமிடலும் இருந்தது.

இன்னொரு காரணம் பச்சைப்பாசி பயம். உரம் போட்டால் கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும் என்று அஞ்சினார்கள். 1996-ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இரு ஆர்வலர்கள் மலிவான உப்புகளைக் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். தழைச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு எல்லாம் கொடுத்து, மணிச்சத்தை மட்டும் குறைவாக வைத்தால் செடி வெல்லும், பாசி தோற்கும் என்றார்கள். பின்னர் டாம் பார் என்பவர், மணிச்சத்தையும் தாராளமாகக் கொடுக்கலாம், வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றினால் போதும் என்றார். நன்றாக வளரும் செடி இருக்கும் தொட்டியில் உரம் மட்டுமே பாசியைக் கொண்டுவருவதில்லை என்பது அவர் வாதம்.

ஆக, கேள்விக்கு விடை இதுதான். மீன் கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்கும். சாம்பல்சத்தும் இரும்பும் போதாது. இரும்பு நீரில் துருவாகப் படிந்துவிடுவதால், இ.டி.டி.ஏ. போன்ற பொருளோடு பிணைத்த இரும்பாகத் தர வேண்டும். இளம் இலை வெளிறினால் இரும்பைச் சந்தேகியுங்கள். முதிர்ந்த இலையில் ஊசித் துளைகள் விழுந்தால் சாம்பல்சத்தைச் சந்தேகியுங்கள். மீன் குறைவாகவும் வெளிச்சம் மிதமாகவும் இருந்து, செடியும் செழிப்பாக இருந்தால், எதையும் வாங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தோட்டத்துக்கு வாங்கிய யூரியாவையோ டி.ஏ.பி.யையோ தொட்டியில் போடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் அம்மோனியா மீன்களைக் கொன்றுவிடும். இறால் வளர்ப்பவர்கள் உரப் பாட்டிலில் செம்பு எவ்வளவு என்றும் பாருங்கள்.

வாரிங்டன் சொன்னது பொய் அல்ல, பாதி உண்மை. பாதி உண்மை நன்றாக வேலை செய்யும்போது மீதியைத் தேட நமக்குத் தோன்றுவதில்லை. உங்கள் குழந்தைகளுக்கு மீன்தொட்டி வாங்கித் தரும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். எந்த இலை வெளிறுகிறது என்று அவர்களையே பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல அறிவியல் பாடம் வீட்டில் கிடைக்காது.