உறைக்குள் ஒரு சாட்சி

இரத்தத்தில் நோய்க்கிருமி "இல்லை" என்று பரிசோதனைச் சாலை எழுதித் தரும்போது, அச்சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடும். கிருமி உண்மையிலேயே இல்லாதிருக்கலாம். அல்லது கிருமி இருந்தும் பரிசோதனை பழுதுபட்டிருக்கலாம். தானமாகப் பெற்ற இரத்தத்தை மற்றொருவர் உடலில் ஏற்றவிருக்கும் வேளையில், இவ்விரண்டையும் பிரித்தறியாவிட்டால் உயிருக்கே தீங்கு நேரும்.

1983ஆம் ஆண்டில் காரி மல்லிஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி கண்ட பி.ஸி.ஆர். முறை, மரபுப் பொருளைப் பன்மடங்கு பெருக்கி, மிகச் சிறிய அளவையும் புலப்படுத்திவிடுகிறது. ஆயின், பெருக்குவதற்கு முன் அப்பொருளை இரத்தநீரினின்றும் பிரித்தெடுத்தாக வேண்டும். அவ்வேலை கெட்டாலும் விடை "இல்லை" என்றே வரும். ஆகவே, அளவு தெரிந்த மரபுப் பொருளைச் சாட்சியாக உடன் அனுப்புவர். சாட்சி இறுதிவரை வந்து சேர்ந்தால் வழி செம்மையாயிருந்தது என்று கொள்ளலாம். இடர்ப்பாடு யாதெனில், ஆர்.என்.ஏ.யை வெறுமனே இரத்தநீரில் விட்டால் அங்குள்ள நொதிகள் அதனை விரைவில் சிதைத்துவிடும். பிரித்தெடுத்த பின்னர்ச் சேர்ப்போமெனில், வழியின் முற்பகுதிக்குச் சாட்சியே இல்லை!

இயற்கை இதற்கு எப்போதோ விடை கண்டிருந்தது. வைரஸ் என்பதே உறையிட்ட மரபுப் பொருள்தானே. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை 1915இல் ட்வார்ட்டும் 1917இல் தெரேலும் அறிவித்தனர். 'பாக்டீரியாபேஜ்' என்று பெயரிட்டவர் தெரேல். அவ்வினத்தைச் சேர்ந்த எம்.எஸ்.2 என்பது 1961இல் அறியப்பட்டது. அதன் உறை, ஒரே வகைப் புரதத்தின் 180 பிரதிகள் கூடி அமைவது. மரபுப் பொருளோ 3,569 எழுத்துகளே கொண்ட ஆர்.என்.ஏ. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வால்டர் ஃபியர்ஸ் குழுவினர் அதனை 1976இல் முழுவதும் படித்து முடித்தனர். அந்த ஆர்.என்.ஏ.யில் கொண்டை ஊசிபோல் வளைந்த சிறு பகுதி ஒன்று உண்டு. உறைப் புரதம் அதனைத்தான் அடையாளம் கண்டு பற்றுகிறது. அவ்வடையாளத்தை வேறோர் ஆர்.என்.ஏ.யில் ஒட்டவைத்தால், புரதம் அதனையும் தன்னுடையதென்றே எண்ணிப் போர்த்திவிடும்.

இவ்வுறையைச் சாட்சிக்குப் பயன்படுத்தும் வழியை 1998இல் பாஸ்லோஸ்கியும் துணைவரும் வெளியிட்டனர். எச்.ஐ.வி. மரபுப் பொருளிலிருந்து 172 எழுத்துகள் கொண்ட துண்டு ஒன்றை மட்டும் எடுத்து, எ.கோலை பாக்டீரியாவுக்குள்ளேயே உறையிடச் செய்தனர். உறையிட்ட துண்டு மனித இரத்தநீரிலும் சிதையவில்லை. நான்கு பாகை குளிரில் 60 நாளும், உறைநிலைக்குக் கீழ் 20 பாகையில் 180 நாளும் ஒரே சீரான விடை தந்தது. முழு வைரஸின் மரபுப் பொருள் உள்ளே இல்லையாதலால் தொற்றுக்கும் இடமில்லை. கையாளும் ஊழியருக்கு இது சிறிய நன்மையன்று.

டி.என்.ஏ. சற்றே உறுதியானது, ஆயினும் அதனையும் சிதைக்கும் நொதிகள் உண்டு. அதற்கு லாம்டா என்னும் பேஜின் தலைக்கூடு பயன்படுகிறது. எஸ்தர் லெடர்பெர்க் 1951இல் அறிவித்த அப்பேஜின் டி.என்.ஏ. 48,502 எழுத்திணைகள் கொண்டது. ஆகவே வேண்டும் துண்டை அதனுள் செருக இடமுண்டு.

இத்தனையும் இருந்தும் வேடம் முழுதும் பொருந்துவதில்லை. எச்.ஐ.வி.க்குப் புறத்தே கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு, எம்.எஸ்.2க்கு அது கிடையாது. இரண்டையும் உடைத்துத் திறக்க ஒரே அளவு முயற்சி போதும் என்று எண்ணுவதற்கில்லை.