‘லெஜண்ட்’ என்னும் சொல்லும் கழுகுமலைக் கல்லும்

ஆங்கிலத்தில் ‘லெஜண்ட்’ என்றொரு சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால் பழங்கதை என்று பொருள் காட்டும். பிறந்தபோது அதற்கு அப்பொருள் இல்லை. இலத்தீன் மொழியில் அதன் தாய்ச்சொல்லுக்குப் ‘படிக்கப்பட வேண்டியவை’ என்பதே பொருள். எதைப் படிக்க வேண்டும்? புனிதர்களின் வாழ்க்கையை! யார் விதித்தது? திருச்சபை! விழா நாள்களில் படிக்கத்தக்க அவ்வாழ்க்கைக் கதைகளை 13ஆம் நூற்றாண்டில் வொராஜினே ஊர் யாக்கோபு என்னும் துறவி பெருநூலாகத் திரட்டினார். 16ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் எழுந்தது. போப்பின் பிடியை உதறியவர்கள் அக்கதைகளையும் உதறினார்கள். சொல்லின் மதிப்பு மெல்ல மெல்ல இறங்கிற்று. படித்தே தீரவேண்டியது, சான்றில்லாதது ஆயிற்று.

நாணயத்தில் பொறித்த எழுத்துக்கும், நிலப்படத்தின் குறி விளக்கத்துக்கும் இன்றும் இதே சொல்தான். மட்டைப்பந்து வீரருக்கும் திரைப்பட நடிகருக்கும் இப்போது இது பட்டமுமாம்! அதை விட்டுவிடுவோம்.

1816இல் ஜெர்மன் நாட்டுக் கிரிம் உடன்பிறப்பினர் ஒரு வேறுபாட்டைச் சுட்டினர். “ஒரே ஓர் ஊரில்” எனத் தொடங்கும் கதை வேறு. இன்ன ஊர், இன்ன மலை, இன்ன ஆள் என்று மண்ணிலே காலூன்றி நிற்கும் கதை வேறு என்றனர். ஆங்கிலேயர் இரண்டாவதற்கு லெஜண்ட் என்றும், தேவர்களும் படைப்பும் பற்றிய கதைக்கு ‘மித்’ என்றும் பெயரிட்டனர். நம் அறிஞர்கள் முன்னதைப் பழமரபுக்கதை என்றும் பின்னதைத் தொன்மம் என்றும் தமிழாக்கினர்.

கரிசல் காட்டு இளைஞர்க்கு இச்சொல்லாராய்ச்சி எதற்கு? கடம்பூரில் நாம் பாடம் சொல்லும் பிள்ளைகள் திருவிழாக் காணச் செல்லும் கழுகுமலையிலேயே இதற்கு விடை இருக்கிறது.

சடாயுவின் அண்ணன் சம்பாதி என்னும் கழுகு முருகனை வழிபட்ட இடமாம், ஆதலால் கழுகுமலையாம்! இது தொன்மம். இதற்குப் பெயரென்ன? ‘தல வரலாறு’! தமிழ்நாட்டில் எந்தக் கோயிலின் சிறு நூலை வாங்கினாலும் தலபுராணம் தல வரலாறாக வேடமிட்டு நிற்பதைக் காணலாம். புராணம் என்ற சொல்லுக்கே பழையது என்றுதான் பொருள். அதையாவது வைத்திருக்கலாம். வரலாறு என்ற நல்ல தமிழ்ச் சொல்லை எடுத்து அதற்குச் சூட்டியது யார் செய்த வேலை?

அதே மலையில் உண்மை வரலாறு கல்லிலே கிடக்கிறது. பாறை முழுவதும் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் கீழே பாண்டியர் காலத்து வட்டெழுத்து. செய்வித்தவர் பெயரை அவை பேசுகின்றன. குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களையும், அவர்களுடைய மாணாக்கரையும் குறிக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வறண்ட மண்ணில் பெண் ஆசிரியராய் வீற்றிருந்தாள்! ஊரின் பெயரையோ அக்கல்வெட்டுகள் நெச்சுறம் என்கின்றன. கழுகு எப்போது பறந்து வந்ததோ, அறியோம்.

சமணர் பாறைக்கு அருகே வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, விமானத்தைச் செதுக்கி, அடிப்பகுதியை முடிக்காமல் விட்ட ஒற்றைக் கற்றளி. ஏன் முடியவில்லை? மேலே மகனும் கீழே தந்தையும் கோயில் குடைந்தனராம். மகனின் கைத்திறம் தன்னை விஞ்சியதென்று கேட்ட தந்தை பொறாமையால் அவனைக் கொன்றானாம். இதுதான் லெஜண்ட்! நிகழ்ந்ததா? ஸ்காட்லாந்தில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த ராஸ்லின் தேவாலயத்தில் ஓர் அழகிய தூண் உண்டு. தொழில் பழகிய இளைஞன் அதைச் செதுக்க, ஆசான் பொறாமையால் அவனை அடித்துக் கொன்றான் என்கின்றனர். கருநாடகத்துப் பேலூரில் ஜக்கணாச்சாரியின் சிலையில் மகன் குற்றம் கண்டான், தந்தை தன் கையையே வெட்டிக்கொண்டான் என்கின்றனர். ஒரே கொலை இத்தனை ஊரில் நடக்குமா? கதை நடந்தது, காலில்லாமலே!

ஆயினும் இக்கதையை நாம் எறிந்துவிட மாட்டோம். சம்பாதி கதையில் உளி பிடித்தவன் இல்லை. இதில் இருக்கிறான். கல் வெட்டுகிறவனின் பெயரையே கோயிலுக்கு இட்டு, அவனுக்காக ஒரு துயரத்தையும் புனைந்து வைத்தவர்கள் படிக்காத மக்கள். கோயிலைக் கட்டியவன் மனிதன் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

கதைக்கு வரலாறு என்று பெயரிட்டால் என்ன கெட்டுவிடும் என்பார் உளர். கதை வரலாறாகும், வரலாறு வழக்கமாகும், வழக்கம் உரிமையாகும். 1895இல் இதே கழுகுமலையின் தேர்வீதியில் நாடார்கள் ஊர்வலம் செல்லலாமா என்ற பூசல் கலவரமாகி உயிர்களைக் குடித்தது. தெருவில் மனிதன் நடப்பதைத் தடுக்கப் பழைய வழக்கமே வாதமாய் நின்றது. அந்த ஆண்டைத் தல வரலாற்றில் தேடிப் பாருங்கள்!

நாங்குநேரி வானமாமலையும், இடைசெவல் கி. ராஜநாராயணனும் மக்கள் வாய்மொழியைத் திரட்டித் தந்தனர். மீதி இன்னும் ஊர்க் கிழவிகளிடம் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் தோழர்கள் அவற்றைக் கேட்டு எழுதட்டும். சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் குறிக்கட்டும். ஏட்டின் தலைப்பில் மட்டும் ‘வரலாறு’ என்று எழுதாமல், ‘கதை’ என்று எழுதட்டும்.