வார்டர் கிரெசன் வழக்கு: சமய மாற்றமும் குடும்ப உறவும்

சமய மாற்றம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மாறியவரின் அகத்தேடலையே முதன்மைப்படுத்துகின்றன. அவருடைய மனைவி, மக்கள், நண்பர் ஆகியோர் அம்மாற்றத்தை எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. அதற்குரிய சான்றுகள் எழுத்தில் அரிதாகவே எஞ்சுவதும் இதற்குக் காரணமாகும். அவ்வகையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1849 முதல் 1851 வரை நடந்த வார்டர் கிரெசன் வழக்கு தனிக்கவனத்திற்குரியது. வீட்டிற்குள்ளேயே அடங்கியிருக்கக்கூடிய ஒரு பிணக்கு அங்கு நீதிமன்றம் ஏறிச் சாட்சியமாகப் பதிவாயிற்று.

கிரெசன் 1798இல் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தவர்; வளமான நிலவுடைமையாளர். எலிசபெத் டவுன்சென்டு என்பாரை மணந்தவர். நடுவயதில் குவேக்கர் நெறியிலிருந்து விலகி, சேக்கர், மில்லரைட், மார்மன் எனப் பல குழுக்களை நாடினார். பின்னர் யூத அறிஞர் ஐசக் லீசரின் நட்பு அவருடைய நாட்டத்தை எருசலேமின்பால் திருப்பியது. 1844இல் அந்நகருக்கான முதல் அமெரிக்கக் கான்சலாக அமர்த்தப்பட்டார். அவர் நீண்ட காலமாக மனம் பிறழ்ந்தவர் என்று முன்னாள் கருவூலச் செயலர் சாமுவேல் இங்காம் அரசுக்கு எழுதவே, அவ்வமர்த்தம் விரைவில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அவர் மனைவி மக்களைப் பிரிந்து எருசலேம் சென்றார். சொத்தை ஆளும் அதிகாரம் மனைவியிடம் இருந்தது.

அங்கு யூதரைக் கிறித்தவராக்க முயன்ற சமயப்பணியாளரின் செயல்களைக் கண்டித்து எழுதிய கிரெசன், 1848இல் தாமே விருத்தசேதனம் செய்துகொண்டு யூதரானார். யூத மரபு ஆள் சேர்க்கும் மரபன்று. நாடி வருவோரை முதலில் தயங்கவைப்பதே அதன் வழக்கம். ஏற்கப்பட்டவரைப் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஒப்பாகக் கருதுவதும், ஆபிரகாமின் மகன் என்று அழைப்பதும் மரபு. இங்கு ஒரு சிக்கல் எழுகிறது: புதிதாய்ப் பிறந்தவருக்குப் பழைய உறவு உண்டா? 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடீஸ், மதம் மாறியவர் யூதரல்லாத தம் தந்தையை இகழலாகாது, ஓரளவேனும் மதிப்புக் காட்டவேண்டும் என விதித்தார். சட்டம் அறுத்ததை ஒழுக்கம் பிடித்து நிறுத்துகிறது எனலாம். கிரெசன் ஏற்ற பெயர் மிக்காயேல் போவாஸ் இசுரயேல் என்பது. போவாஸ், கணவன் இறந்தபின்னும் மாமியை விட்டு அகலாத மோவாபியப் பெண் ரூத்தை மணந்தவன். குடும்பத்தை விட்டு வந்தவர் இப்பெயரைச் சூடியது எண்ணத்தக்கது.

1848இன் பிற்பகுதியில் அவர் பிலடெல்பியா திரும்பினார். தம் நிலமும் உடைமைகளும் விற்கப்பட்டிருந்ததாக அவரே எழுதியுள்ளார். 1849இல் மனைவியும் மகன் ஜேக்கப்பும் அவரைப் பித்தர் என அறிவிக்குமாறு முறையிட்டனர். நடுவர் குழுவும் அவ்வாறே தீர்ப்பளித்தது. கிரெசன் மேல்முறையீடு செய்தார். அக்காலத்தில் அவர் அடைத்துவைக்கப்படவில்லை. மிக்வே இசுரயேல் தொழுகைக்கூடத்தின் வழிபாடுகளில் கலந்துகொண்டார். 1851 மே மாதத்தில் ஆறு நாள் விசாரணை நடைபெற்றது. ஏறத்தாழ நூறு சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். எருசலேம் ஆலயத்தை மீளக் கட்டுவது பற்றிய அவருடைய பேச்சுகளும் பித்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. முடிவில் அவர் தெளிந்த மனத்தினர் எனத் தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கைச் சமயப் பகைமையின் விளைவு என மட்டும் கொள்வது பொருந்தாது. முன்னர் அவர் குழுவுக்குக் குழு மாறியபோது குடும்பம் நீதிமன்றம் செல்லவில்லை என்பது உண்மையே. அம்மாற்றங்கள் கிறித்தவ வட்டத்தைக் கடக்கவில்லை. யூத நெறியோ அதைக் கடந்தது. எனினும் மனப்பிறழ்வுக் குற்றச்சாட்டு மதமாற்றத்திற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே எழுந்துவிட்டது என்பதையும், சொத்து யார் கையில் என்ற வினா வழக்கின் அடியில் கிடந்ததையும் மறக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. வழக்கு பற்றிய விரிவான செய்திகள் கிரெசன் 1852இல் வெளியிட்ட 'தாவீதின் திறவுகோல்' என்னும் நூலின் வழியே பெரிதும் கிடைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் கணவனைப் பிரிந்து பிள்ளைகளோடு வாழ்ந்த எலிசபெத்தின் தரப்பு அங்கே எதிராளியின் எழுத்தில்தான் ஒலிக்கிறது. அவரைப் பேராசைக்காரி என்று முடிவுகட்டும் பிற்காலக் குறிப்புகள் இதைக் கருதியதாகத் தெரியவில்லை.

தீர்ப்புக்குப்பின் கிரெசன் எருசலேம் திரும்பினார். ஏழை யூதர் உழுது வாழவேண்டும் என்று கருதி, நகருக்கு அருகில் ரெபாயீம் பள்ளத்தாக்கில் வேளாண் குடியிருப்பு அமைக்க முயன்றார். போதிய பொருளுதவி கிட்டவில்லை. ரேச்சல் மொலேனோ என்னும் செபர்டிய யூதப் பெண்ணை மணந்து, 1860இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஒலிவமலையில் அடக்கம் செய்யப்பட்டார். 1857இல் எருசலேம் சென்ற எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் தம் நாட்குறிப்பில் அவரைக் குறித்துள்ளார். 1876இல் அவர் வெளியிட்ட 'கிளாரல்' என்னும் நெடுங்கவிதையில் வரும் நாதன் என்னும் பாத்திரத்தில் கிரெசனின் சாயல் இருப்பதாக ஆய்வாளர் கருதுவர். ஆனால் மெல்வில் கதையை மாற்றிவிட்டார். நாதன் யூத மனைவியின்மேல் கொண்ட அன்பால் அவளுடைய சமயத்தைத் தழுவுகிறான். குடும்பத்தையும் உடனழைத்துக்கொண்டே பாலத்தீனம் செல்கிறான். அவனுடைய மகளின் பெயர் ரூத்து.